நெருப்புக்கு அஞ்சி எழுந்த சுவர்கள்

கம்பளி ஆலை ஏன் சிவகாசியை அடுத்த நாரணாபுரம் பக்கம் எழவில்லை என்பதற்கான காரணத்தை ஆட்டின் முதுகிலேயே பார்த்துக்கொள்ளலாம். வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு, ராமநாதபுரம் வெள்ளை என்று இந்தக் கரிசல் சீமையில் மேயும் செம்மறிகள் எல்லாம் குட்டை முடி கொண்டவை. கறிக்காகவும், அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை போட்டு உரம் சேர்ப்பதற்காகவும் வளர்க்கப்படுகிறவை. கத்தரித்து நூற்க அவற்றின் மேல் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் இனம் என்றால் அது நீலகிரி ஆடுதான். அப்படியே கம்பளி கிடைத்திருந்தாலும் அதைக் கழுவ ஆறு வேண்டும். வெட்டிய கம்பளியில் மண்ணும் வியர்வையும் கொழுப்பும் ஒட்டிக் கிடக்கும். அவ்வளவையும் வெந்நீரில் அலசி எடுக்காமல் நூற்க முடியாது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊர் இது.

கரிசல் தந்தது பருத்தி. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் விருதுபட்டி பஞ்சு வியாபாரத்தின் மையமாக வளர்ந்தது. ஊரின் பெயர் 1923-இல் விருதுநகர் ஆனபோது அதன் பேட்டைகளுக்கு வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களின் தொடர்பு வெகுகாலமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் பிரதர்ஸ், ராலி பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வட்டாரப் பஞ்சை வாங்கித் தூத்துக்குடித் துறைமுகம் வழியே அனுப்பின. கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரி, பஞ்சை அழுத்திப் பேல் கட்டும் பிரஸ், அதற்கடுத்து நூற்பாலை என்று தொழில் படிப்படியாக இறங்கி வந்தது. ஆகவே நம் பகுதியில் எஞ்சி நிற்கும் பழைய ஆலை என்றால் அது பஞ்சாலை. ஆனால் பஞ்சாலைக் கட்டடம் தன் உருவத்தைத் தானாக அடையவில்லை. கம்பளி, சணல்நார், பட்டு ஆகியவற்றை நூற்ற ஐரோப்பிய ஆலைகளோடு சேர்ந்து வளர்ந்த உருவம் அது. அங்கிருந்து தொடங்கினால்தான் மதுரை, தூத்துக்குடி ஆலைகளின் சுவர் நமக்குப் புரியும்.

எஞ்சிய ஆலைக் கட்டடம் ஒன்றை எதை வைத்து மதிப்பிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கோயிலையும் அரண்மனையையும் பார்க்கும் கண்ணோடு பார்த்தால் முகப்பு, வளைவு, மணிக்கூண்டு ஆகியவைதான் தெரியும். அவை அழகானவை, ஆனால் கட்டடத்தைத் தீர்மானித்தவை வேறு. நெருப்பு, வெளிச்சம், காற்றின் ஈரம், சக்கரத்தைச் சுழற்றும் விசை ஆகிய நான்கும்தான் தூண் எங்கே நிற்க வேண்டும், சன்னல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லின. நான்கில் நெருப்புதான் தலையானது. பட்டாசுத் தொழிலோடு வாழ்கிற நாரணாபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மார்ஷல் என்பவரும் பெனியன் சகோதரர்களும் நடத்திய சணல்நார் ஆலை 1796-இல் எரிந்தது. மரத் தூண், மரச் சட்டம், மரத் தளம். தளம் முழுக்க எந்திர எண்ணெய் ஊறியிருக்கும், காற்று முழுக்க நார்த்தூசி பறக்கும், இரவு வேலைக்கு விளக்கு எரியும். இப்படிப்பட்ட கட்டடம் பற்றிக்கொண்டால் அணைப்பது நடக்காத காரியம். அடுத்த ஆண்டே ஷ்ரூஸ்பரி நகரின் டிதரிங்டனில் சார்லஸ் பேஜ் என்பவர் வடிவமைத்த புதிய ஆலையில் மரச் சட்டமே இல்லை. தூணும் உத்திரமும் வார்ப்பிரும்பு. உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு கட்டி, அதன் மேல் தளம் போட்டார்கள். உலகிலேயே முழுதும் இரும்புச் சட்டகத்தில் நின்ற முதல் கட்டடம் அதுதான். இன்றைய வானுயர் கட்டடங்களின் பாட்டன் என்று அதைக் கட்டடக்கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கணக்கின் நுட்பம் தெரியும். குறுக்கு வெட்டில் கூட்டல் குறி வடிவம், நடுவில் சற்றுப் பருத்து, மேலும் கீழும் மெலிந்திருக்கும். நெடிய தூண் பாரத்தில் வளைவது நடுப்பகுதியில்தான் என்பதால் இரும்பை அங்கே கூட்டி, தேவையில்லாத இடத்தில் குறைத்திருக்கிறார்கள்.

கம்பளியின் கதை இதிலிருந்து சற்று விலகியது. கம்பளி எளிதில் பற்றாது. தீயைக் காட்டினால் கருகும், விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். பிறகு ஏன் கம்பளி ஆலைகள் எரிந்தன? நூற்கும் முன் இழைகள் முறியாமல் இருக்க எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய் தளத்தில் சொட்டும், கழிவுக் கம்பளியில் ஊறும். எண்ணெய் ஊறிய கழிவைக் குவித்து வைத்தால் வெளித் தீ இல்லாமலே உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளும். லீட்ஸ் அருகே ஏர் ஆற்றங்கரையிலிருந்த ஆர்ம்லி ஆலையை பெஞ்சமின் காட் வாங்கிய மறு ஆண்டு, 1805-இல், அது ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. அவர் அதே இடத்தில், தீ பரவாத கட்டுமானத்தில், திரும்பக் கட்டினார். அந்நாளில் உலகின் மிகப் பெரிய கம்பளி ஆலையாக அது பேசப்பட்டது. இன்று அது லீட்ஸ் தொழில் அருங்காட்சியகம். 1982 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. எரிந்த அனுபவம்தான் அந்தக் கட்டடத்துக்கு இத்தனை ஆயுளைக் கொடுத்தது.

இதே அச்சத்துக்கு நாரணாபுரம் கொடுத்த விடை நேர் எதிரானது. ஆயிரம் பேரையும் நூறு எந்திரங்களையும் ஒரே கூரைக்குள் வைத்து, அந்தக் கூரையைத் தீ தாங்கும்படி கட்டுவது பஞ்சாலையின் வழி. பயராபீஸ் என்று ஊரில் சொல்லும் பட்டாசு ஆலையின் வழியோ பிரித்துப் போடுவது. வேம்பும் கருவேலமும் நிற்கும் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் விதி சொல்லும் தூரம். மருந்துக் கலவைக்கு ஓர் அறை, மருந்து செலுத்த ஓர் அறை, காய வைக்கத் திறந்த மேடை, முடிந்த சரக்குக்கு எல்லாவற்றிலிருந்தும் தள்ளி ஒரு மேகசின். மருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கதவுகள் எதிரெதிராக இருக்கும், வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே போகுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. வேலை பகல் வெளிச்சத்தில். இது ஒரு கட்டடக்கலை. பெயர் தெரிந்த கலைஞர் யாரும் வரையாத, விதிப்புத்தகமும் விபத்துகளும் சேர்ந்து வரைந்த கட்டடக்கலை. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 1940, 1983, 2008 ஆண்டுகளின் விதிகள் என்று அடுக்கடுக்காக அது திருத்தப்பட்டு வந்திருக்கிறது. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் சொல்லும் வரிசையில் அளவு கூடக் கூட, அறைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கிடையிலான வெற்றிடமும் கூடுகின்றன.

அந்த வெற்றிடத்தை நான் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன். செங்கல் எந்த அளவுக்கு முக்கியமோ அந்த அளவுக்கு அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள காலி மண்ணும் முக்கியம். அங்கே ஒரு கூடாரத்தைப் போட்டு, மரத்தடியில் நாலு பேரை உட்கார வைத்துத் திரி வெட்டச் சொன்னால், பார்வைக்கு ஒரு சுவரும் இடிந்திருக்காது, ஆனால் கட்டடம் இடிந்துவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்ததும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்ததும் இந்த வெற்றிடத்தின் பொருளை ஊருக்கு உணர்த்திய நாட்கள். முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

நெருப்பை விட்டு வெளிச்சத்துக்கு வருவோம். ரம்பப் பல் வரிசை போல மடிந்து மடிந்து போகும் கூரையைப் பழைய நெசவாலைகளில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மடிப்பின் நிமிர்ந்த பக்கமும் கண்ணாடி, அது வடக்கைப் பார்க்கும். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், நேர் வெயில் அடிக்காது, நிழல் விழாது, அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். லீட்ஸில் இது முழுக்க உண்மை. கான்பூரிலும் உண்மை. அந்நகரம் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கிலேயே நிற்கிறது. சிவகாசிச் சீமையோ ஒன்பதரை பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன்பின் ஆவணி வரை நண்பகலில் வடக்குப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அதாவது ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடிக்குள் நேர் வெயில் இறங்குகிறது. லங்காஷயரில் சாய்வாகப் பொருத்தும் கண்ணாடியை இங்கே அப்படியே கொண்டுவந்து வைத்தால் எந்திரத்தடியில் நிற்பவன் தலையில் வெயில் விழும். செங்குத்தாக நிறுத்தி, மேலே ஓரடி கூரை நீட்டிவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். ஆகவே தென் தமிழகத்தில் பழைய ஆலைக் கூரை ஒன்றைப் பார்ப்பவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது கண்ணாடி நிற்கும் கோணத்தை. கட்டியவர் இந்த மண்ணின் சூரியனைப் பார்த்துக் கட்டினாரா, மான்செஸ்டர் வரைபடத்தைப் பார்த்துக் கட்டினாரா என்பதை அந்த ஒரு கோணம் சொல்லிவிடும்.

ஈரம் இன்னும் நுட்பமான பிரச்சினை. காற்று வறண்டால் பஞ்சிழை விறைத்து முறியும், நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும், தூசி கிளம்பும். நூற்புக்கூடத்தில் ஒப்பீட்டு ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதமாவது வேண்டும், தறிக்கூடத்தில் 75-க்கு மேல். லங்காஷயருக்கு இதை மழையே கொடுத்தது. 1830-களின் கடைசியில் லீட்ஸில் ஜான் மார்ஷல் எழுப்பிய டெம்பிள் ஆலையில் சணல்நார் உலராமல் இருக்கக் கூரை முழுக்க மண் கொட்டிப் புல் வளர்த்தார்கள். புல்லை மேய்ந்து மட்டமாக வைக்கச் செம்மறிகளைக் கூரை மேலேயே விட்டிருந்தார்கள். எகிப்தியக் கோயில் முகப்பும் தலைமேல் ஆட்டு மந்தையுமாக நின்ற அந்த ஆலையை விசித்திரம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகத் தெளிவான பொறியியலாகப் படுகிறது.

கரிசல் பூமியில் காற்றில் ஈரம் கிடையாது. ஆகவே பஞ்சாலைக்காரர் தடித்த சுவர் கட்டினார், சன்னலை அடைத்தார், உள்ளே நீர்த்திவலையைத் தூவினார், பிற்காலத்தில் தரைக்கடியில் காற்றுக் குழாய் ஓட்டி ஈரமூட்டும் நிலையம் வைத்தார். வெளியே நூறு டிகிரி பாரன்ஹீட் வெயில், உள்ளே வியர்வை உலராத ஈர வெப்பம், காதைக் கிழிக்கும் ரிங் பிரேம் இரைச்சல். மில் வேலைக்குப் போனவர் உடம்பு அந்தக் கட்டடத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பஞ்சாலைக்கு எதிரியாக இருந்த இதே வறட்சிதான் சிவகாசிக்கு வாழ்வு கொடுத்தது. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1923-இல் இங்கே தொடங்கிய ஆலைகளுக்குக் காய்ந்த காற்றும் மறைக்காத வெயிலும் மூலதனம். குச்சியும் பெட்டியும் மருந்தும் காய ஆண்டில் பெரும்பகுதி வெயில் கிடைத்தது. பட்டாசுக்கும் அதுவே. ஒரே காற்று ஒரு தொழிலைச் சுவருக்குள் அடைத்தது, மற்றொன்றைக் களத்து மேட்டில் விரித்துப் போட்டது. விருதுநகர் மாவட்டத்தின் தொழிற்கட்டடங்களைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

விசையின் வரலாறு ஆலைகளின் இடத்தையே மாற்றியது. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880-களில் முதல் ஆலையை எழுப்பியது பாபநாசம் மலையடியில், விக்கிரமசிங்கபுரத்தில். தாமிரபரணியின் நீர்வீழ்ச்சியை டர்பைனில் விட்டுச் சக்கரம் சுழற்றினார்கள். மலையடிவாரத்தின் ஈரக்காற்று நூலுக்கும் உதவியது. ஊருக்கே ஆலையைச் சுற்றித்தான் வளர்ச்சி. 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில். கடற்காற்றும் கப்பலும் பக்கத்தில். 1892-இல் மதுரையில், ரயில் நிலையத்தை ஒட்டியே மதுரா மில். இவ்விரண்டும் நீராவி யுகத்தைச் சேர்ந்தவை. நீராவி ஆலையின் உடற்கூறு தனியானது. ஒரே ஒரு பெரிய எஞ்சின், அதன் விசையை மேல்தளங்களுக்குக் கொண்டுபோகும் கயிற்றுக்கூடம், ஒவ்வொரு தளத்திலும் கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வோர் எந்திரத்துக்கும் இறங்கும் தோல் பட்டை. தண்டு நீளக் கூடாது, நீண்டால் விசை உராய்விலேயே வீணாகும். அதனால் கட்டடம் பக்கவாட்டில் பரவாமல் உயரமாக, குறுகலாக, தளத்தின் மேல் தளமாக எழுந்தது. புகைபோக்கி ஊருக்கே அடையாளமானது.

1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்ததும் இந்த உடற்கூறு மாறத் தொடங்கியது. மின்சாரம் கம்பியில் வரும்போது தண்டும் கயிற்றுக்கூடமும் எதற்கு? எந்திரத்துக்கு ஒரு மோட்டார் வைத்துவிட்டால் ஆலை தரையோடு தரையாக எவ்வளவு தூரமும் பரவலாம். கோவையில் 1888-இல் தொடங்கிய, ஊர் இன்றும் ஸ்டேன்ஸ் மில் என்று சொல்கிற ஆலையையும், முப்பதுகளில் மின்சாரத்தை நம்பி எழுந்த ஆலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் இந்த இரண்டாம் தலைமுறை. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையமும் வந்து சேர்ந்தபோது, ஹார்விகள் அறுபது ஆண்டுக்கு முன் சக்கரம் சுழற்றப் பயன்படுத்திய அதே தாமிரபரணி, கம்பி வழியே தென்மாவட்டங்களுக்கு விசை தந்தது.

சுவருக்குள் இருந்தவர்களைப் பற்றிப் பேசாமல் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டே போவது நியாயமில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி கூடியது, வேலைநேரம் குறைந்தது, வார விடுமுறை கிடைத்தது. புதுச்சேரியில் சவானா மில் போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்த இரத்தத்தின் விலை. ஓர் ஆலையின் வாசல், சுற்றுச்சுவரின் உயரம், காவலர் அறை, சங்கு ஊதும் கோபுரம் எல்லாமே கட்டுப்பாட்டின் கட்டடக்கலை. கம்பளி ஆலைகளில் இன்னொரு கொடுமையும் உண்டு. அயல்நாட்டு ஆட்டு மயிரைத் தரம் பிரித்தவர்களுக்கு அதில் ஒட்டியிருந்த அடைப்பான் கிருமியால் நுரையீரல் நோய் வந்தது. பிராட்போர்டு பகுதியில் அதன் பெயரே கம்பளி பிரிப்போர் நோய். பஞ்சாலையில் பஞ்சுத் தூசி மூச்சை அடைத்தது. தூசியைக் கீழ்நோக்கி உறிஞ்சும் குழாய், காற்றுப் போக்கி ஆகியவை ஆலைகளுக்குள் தாமதமாக வந்து சேர்ந்தவை. ஒவ்வொரு குழாய்த் துளையின் பின்னாலும் நோயும் போராட்டமும் சட்டமும் இருக்கின்றன.

இனி, எவை நிலைத்தன, எவை போயின என்ற கணக்கு. இந்தியாவில் கம்பளி ஆலை என்றதும் நினைவுக்கு வருவது கான்பூரின் லால் இம்லி. 1876-இல் தொடங்கிய கான்பூர் கம்பளி ஆலை அது. செங்கல் சிவப்பும் மணிக்கூண்டுமாக நகரத்தின் முகமாகவே இருக்கிறது. பட்டாளத்துக்குப் போர்வை நெய்த ஆலை. 1920-இல் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் குடைக்குள் போனது, 1981-இல் அந்தக் கார்ப்பரேஷனை அரசு எடுத்துக்கொண்டது. பஞ்சாபின் தாரிவாலில் கால்வாய் நீரின் விசையை நம்பி 1880-இல் எழுந்த நியூ எகர்ட்டன் கம்பளி ஆலையும் அதே குடைக்குள் இருந்தது. இரண்டிலும் தறிகள் ஓய்ந்து ஆண்டுகள் ஆகின்றன. கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அவற்றைக் காத்தது மரபுணர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுத்துறைச் சொத்து என்பதால் விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் நிற்கின்றன.

சென்னையின் நிலை வேறு. 1876-இல் பக்கிங்காம், 1881-இல் கர்நாடிக் என்று தொடங்கி, 1920-இல் இணைந்த பி அண்டு சி ஆலை, 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குக் களமானது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய களம். 1996-இல் ஆலை மூடப்பட்ட பிறகு பல ஆண்டுகள் அந்தக் கூடங்களில் சினிமாச் சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். பின்னி மில் என்று பெயர் பெற்ற அந்த ஆலையின் இரும்புத் தூண்களையும் உடைந்த கண்ணாடிக் கூரையையும் தமிழர்கள் அதிகம் பார்த்தது திரையில்தான். பிறகு நிலத்துக்கு விலை ஏறியது, அடுக்குமாடிகள் வந்தன. புதுச்சேரியில் 1898-இல் பிறந்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரலோடு முடிந்துபோக, அதன் திடல் தற்காலிகப் பேருந்து நிலையமாகக்கூடப் பயன்பட்டது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள், கோவையிலுள்ளவையும் உட்பட, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. மதுரா மில் 1974-இல் ஜே அண்டு பி கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு ஹார்விபட்டி என்ற பெயரோடு இன்றும் ஊராக இருக்கிறது.

வெளிநாட்டில் தப்பிய ஆலைகளைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தென்படும். டிதரிங்டன் ஆலை 1897-இல் பார்லி முளைக்க வைக்கும் கூடமாக மாறி 1987 வரை அப்படியே இருந்தது, நீண்ட சீரமைப்புக்குப் பின் 2022-இல் திறக்கப்பட்டது. டைட்டஸ் சால்ட் தன் ஐம்பதாவது பிறந்த நாளில், 1853 செப்டம்பர் 20 அன்று திறந்த சால்ட்டேர் கம்பளி ஆலை 1986-இல் நூற்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டே ஜொனாதன் சில்வர் என்ற வணிகர் வாங்கி ஓவியக்கூடமும் கடைகளும் அலுவலகங்களுமாக மாற்றினார். 2001-இல் ஊரோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. எந்திரம் போன பிறகும் உள்ளே மனிதர் புழங்க வழி இருந்த கட்டடம் பிழைத்தது. அகன்ற கூடம், பாரம் தாங்கும் தளம், நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றும் எந்தப் புது வேலைக்கும் ஒத்துவரும். பழைய பஞ்சாலைக்கு அவை உண்டு. அதனால்தான் பூட்டிப் போட்டு வைப்பதை நான் பாதுகாப்பு என்று ஏற்பதில்லை. கூரை ஓடு ஒன்று நழுவினால் ஒரே மழைக்காலத்தில் மரச்சட்டம் உளுத்துவிடும். உள்ளே ஆள் இருந்தால்தான் அந்த ஓட்டை மாற்றுவார்கள்.

சட்டம் இதற்கு எவ்வளவு உதவும்? 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு ஆண்டு கடந்த சின்னங்களைக் கணக்கில் எடுக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், 2012-ஆம் ஆண்டு மரபு ஆணையச் சட்டமும் உண்டு. வயது மட்டும் போதும் என்றால் ஹார்வி ஆலைகள் எல்லாமே தகுதி பெற்றவை. ஆனால் நம் மரபு பற்றிய எண்ணம் கோயில், கோட்டை, கல்வெட்டு, அகழாய்வு என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. கீழடியில் கிடைத்த தக்களிகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறோம், வைக்கவும் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் நூல் நூற்றார்கள் என்பதற்கு அவை சாட்சி. அதே நூற்பின் தொடர்ச்சியாக, நம் தாத்தா பாட்டிமார் நின்று வேலை பார்த்த கூடத்தின் இரும்புத் தூண் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்கப்படுகிறது. இந்த முரண் எனக்கு உறுத்துகிறது, உறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

எல்லா ஆலையையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டியதில்லை. பயராபீஸ் அறைகளைச் சின்னமாக்கி வைப்பது பற்றிப் பேசவே கூடாது. அவற்றில் பாதுகாப்புக் குறைந்தவை போய் நல்லவை வர வேண்டும். ஆனால் பதிவு வேண்டும், அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி எந்த ஆலையும் தன் வரைபடத்தைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பட்டாசு ஆலைகள் அறைகளுக்கிடையிலான தூரத்தைக் குறித்த மனைப்படத்தை லைசென்ஸுக்காகக் கொடுத்தே தீர வேண்டும். ஆக, இந்த வட்டாரத்தின் தொழிற்கட்டடக்கலை முழுதும் அரசுக் கோப்புகளில் ஏற்கெனவே வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. காலாவதியான படங்களைக் கழித்துக் கட்டாமல், பாதுகாப்புக்குக் கேடில்லாத அளவில் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றினால் அது பாதி வேலை.

மீதி வேலையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்களும், சிவகாசி மெப்கோ கல்லூரியின் கட்டடப் பொறியியல் மாணவர்களும் ஒரு பருவப் பாடமாகவே செய்ய முடியும். ஜின்னிங் பாக்டரி, பிரஸ், நூற்பாலை, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஒவ்வொரு வகையிலும் பழையது ஒன்றை அளந்து வரையட்டும். தூணின் இடைவெளி, சுவரின் கனம், கூரைக் கண்ணாடியின் கோணம், காற்றுத் துளையின் இடம் எல்லாம் வேண்டும். எந்த எந்திரம் எங்கே நின்றது என்பது வரைபடத்தில் பெரும்பாலும் இராது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மேஸ்திரியாகவும் பிட்டராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ரீலிங்கில் நின்ற பெண்கள். பஞ்சைப் பிரித்துச் சுத்தமாக்கும் புளோ ரூமில் எத்தனை முறை தீப்பிடித்தது, எந்தக் கதவு வழியாக வெளியே ஓடினார்கள், அந்தக் கதவு அப்போது திறந்திருந்ததா என்று முதலில் கேட்கலாம்.